ஏ.சி. சத்தம்: எது, எங்கிருந்து, எவ்வளவு என்று வீட்டிலேயே கண்டுபிடிக்கும் முறை

பகலில் மெக்கானிக் வருவார். தலைக்கு மேல் ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும், ரோட்டில் டிப்பர் லாரி போகும். "சத்தம் ஒண்ணும் பெருசா இல்லையே" என்பார். வாட்டர் சர்வீஸ் செய்து, கேஸும் கொஞ்சம் ஏற்றிவிட்டுப் போவார். ராத்திரி பதினொரு மணிக்கு அதே சத்தம் மறுபடி வந்து நிற்கும். பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, சித்தூர், வேலந்தாவளம் பக்கம் கோடை பிறந்தால் பல வீடுகளில் இதுதான் நடக்கிறது.

ஏ.சி. சத்தம் என்று நாம் சொல்வதில் குறைந்தது நான்கு கலந்திருக்கும். அறையில் ஏற்கெனவே இருக்கிற சத்தம் ஒன்று. அறைக்குள் மாட்டிய இன்டோர் பெட்டியின் காற்றுச் சத்தம் ஒன்று. வெளியே மாட்டிய அவுட்டோர் பெட்டியில் இருக்கும் கம்ப்ரஸரும் அதன் ஃபேனும் போடுவது ஒன்று. கம்ப்ரஸரின் அதிர்வை வாங்கிக்கொண்டு சுவரும், மாடி ஷீட்டைத் தாங்கும் இரும்பு ட்ரஸ்ஸும், ஜன்னலும் போடுவது இன்னொன்று. இவற்றைப் பிரிக்காமல் சர்வீஸுக்குக் கொடுக்கிற பணம் பெரும்பாலும் வீண்தான். பிரிப்பதற்கு ஒரு வரிசை உண்டு. அதை மாற்றினால் எண்கள் கிடைக்கும், விடை கிடைக்காது.

1. தொடங்கும் முன்

ஒரு போன், ஒரு டேப், ஒரு டார்ச், ஒரு நோட்டு போதும். ஐபோன் வைத்திருந்தால் அமெரிக்காவில் வேலையிடப் பாதுகாப்பை ஆராயும் நியோஷ் நிறுவனம் இலவசமாகத் தருகிற சவுண்ட் லெவல் மீட்டர் ஆப் நல்லது. ஆண்ட்ராய்டில் எந்த ஆப் எடுத்தாலும் 'ஏ வெயிட்டிங்', 'ஸ்லோ' என்ற இரண்டும் அதில் இருக்க வேண்டும். ஏ வெயிட்டிங் மனிதக் காதின் உணர்வை ஒட்டி அளக்கும். ஸ்லோ வைத்தால் எண் துள்ளாது, படிக்க முடியும்.

போன் மைக் ஒவ்வொரு மாடலிலும் வேறுவேறு. உங்கள் போன் 38 டெசிபல் (சத்தத்தை அளக்கும் அலகு) காட்டினால் பக்கத்து வீட்டுப் போன் 43 காட்டலாம். அதனால் தனி எண்ணை நம்பாதீர்கள். ஒரே போனில், ஒரே இடத்தில் எடுத்த இரண்டு எண்களின் வித்தியாசத்தை நம்பலாம். இந்த முறை முழுவதும் அந்த வித்தியாசத்தில்தான் நிற்கிறது.

போன் கவரைக் கழற்றுங்கள். படுக்கையில் தலை வைக்கும் இடத்தில் போனை வையுங்கள். குளிர்காற்று நேராக மைக்கில் அடித்தால் அந்தக் காற்றே சத்தமாகப் பதிவாகும். புதிதாக அளக்கிறவர்களில் பலர் இங்கேதான் தவறுகிறார்கள். ஸ்விங்கை மேலே திருப்பி நிறுத்திவிட்டு அளங்கள்.

நேரம் இரவு பத்தரைக்கு மேல். நம் ஊரில் காற்று இல்லாத இரவாகப் பார்க்க வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடியில் மேற்கேயிருந்தும் மார்கழி, தையில் கிழக்கேயிருந்தும் காற்று வேகமாக அடிக்கும். அந்த நாட்களில் தென்னை மட்டைகளின் சத்தமே மீட்டரை நிரப்பிவிடும். மழை பெய்து தவளை கத்துகிற ராத்திரியும் ஆகாது.

2. முதலில் ஏ.சி.யை அணைத்து அளங்கள்

இதை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். அடித்தளம் தெரியாமல் மேலே எதையும் கணக்குப் போட முடியாது.

ஏ.சி., சீலிங் ஃபேன் இரண்டையும் அணையுங்கள். ஃப்ரிட்ஜ் பக்கத்து அறையில் இருந்தால் அது ஓடாத நேரம் வரை பொறுங்கள். கதவு, ஜன்னலைத் தூங்கும்போது இருப்பதுபோலவே மூடுங்கள். ஒரு நிமிடம் ஓடவிட்டு, எண் நிலைத்ததும் எழுதுங்கள். உள்ளூர்களில் நடுராத்திரி 28 முதல் 35 வரை காட்டும். கோயமுத்தூர் ரோட்டை ஒட்டிய வீடு என்றால் 40-ஐத் தாண்டும்.

சீலிங் ஃபேனைப் போட்டு இன்னொரு முறை அளந்து எழுதி வையுங்கள். பழைய ஃபேன் முழு வேகத்தில் ஓடினால் ஏ.சி.யைவிட அதிக எண் வருவது சாதாரணம். ஏ.சி.யைக் குறைசொல்லி வந்த வீட்டில் குற்றவாளி ஃபேன் பேரிங்காக இருந்தது உண்டு.

3. ஃபேன் மோடில் மட்டும் ஓட்டுங்கள்

ரிமோட்டில் ஃபேன் மோடு வையுங்கள். இதில் கம்ப்ரஸர் ஓடாது, காற்றைத் தள்ளும் இன்டோர் ப்ளோயர் மட்டும் சுற்றும். லோ, மீடியம், ஹை மூன்றையும் தனித்தனியாக அளந்து எழுதுங்கள். வேகத்தை மாற்றிய பிறகு ஒரு நிமிடம் விட்டு அளக்க வேண்டும். சில மெஷின்கள் மெதுவாகத்தான் வேகம் பிடிக்கும்.

நல்ல நிலையில் இருக்கிற ஸ்ப்ளிட் ஏ.சி. லோவில் 30 டெசிபலை ஒட்டியும் ஹையில் 40 முதல் 46 வரையும் வரும். ஹைக்கும் லோவுக்கும் பத்து டெசிபல் வித்தியாசம் இருக்கலாம். நம் காதுக்கு அது ஏறக்குறைய இரண்டு மடங்காகக் கேட்கும்.

லோவிலேயே 'வூம் வூம்' என்று ஏறி இறங்கினால் ப்ளோயரின் இறக்கைகளில் அழுக்கு ஒரு பக்கமாகப் படிந்திருக்கிறது. நம் பக்கத்துச் செம்மண் தூசியும் அடுக்களை எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்தால் அது சிமென்ட் மாதிரி ஒட்டிக்கொள்ளும்.

4. கூல் மோடில் ஓட்டுங்கள்

இப்போது கூல் மோடு, ஃபேன் வேகம் லோ. 18 டிகிரி வைத்துப் பத்து நிமிடம் விடுங்கள். தேவைக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற இன்வெர்ட்டர் மெஷினில் கம்ப்ரஸர் உச்ச வேகத்துக்குப் போக அவ்வளவு நேரம் வேண்டும். எண்ணை எழுதியதும் 26-க்கு ஏற்றி, கம்ப்ரஸர் வேகம் இறங்கிய பிறகு மறுபடி எழுதுங்கள். பழைய மாதிரி மெஷினில் கம்ப்ரஸர் ஓடும், அல்லது நிற்கும். அது நிற்கிற நொடியையும் மறுபடி பிடிக்கிற நொடியையும் காதால் கவனியுங்கள்.

ஃபேன் மோடு லோவில் வந்த எண்ணும் இப்போது வந்த எண்ணும் ஏறக்குறைய ஒன்று என்றால், கேட்பதெல்லாம் இன்டோர் காற்றுதான். நான்கைந்து டெசிபல் கூடியிருந்தால் அவுட்டோர் அறைக்குள் வருகிறது. எந்த வழியாக வருகிறது என்பது அடுத்த படியில் தெரியும்.

5. எண் குறைவாக இருந்தும் தூக்கம் வரவில்லையா? கையை வையுங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் கொடுக்கச் சொல்வேன். மீட்டர் 35 காட்டும், படுத்தால் தலையணைக்குள்ளிருந்து 'ம்ம்ம்' என்று ஒரு முனகல் கேட்கும். வீட்டிலுள்ளவர்கள் "உனக்கு மட்டும்தான் கேக்குது" என்பார்கள். அது கற்பனை இல்லை.

ஏ வெயிட்டிங் தாழ்ந்த சுருதியில் வரும் ஒலியைத் தள்ளுபடி செய்து அளக்கிறது. 100 ஹெர்ட்ஸ் ஒலியில் சுமார் 19 டெசிபலையும் 50 ஹெர்ட்ஸில் சுமார் 30 டெசிபலையும் கழித்துவிடும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சாதாரண கம்ப்ரஸரின் சுழற்சி 50-ஐ ஒட்டியும் மோட்டாரின் காந்த முனகல் 100-லும் வரும். சுவர் வழியாகக் கட்டிலுக்கு வருவது அதுதான். மீட்டர் அதைக் கிட்டத்தட்ட காட்டாது, உடம்பு உணரும்.

கம்ப்ரஸர் ஓடும்போது உள்ளங்கையை ஒவ்வோர் இடமாக வையுங்கள். அவுட்டோர் மாட்டியிருக்கும் சுவரின் உட்பக்கம், ஜன்னல் கிரில், அலமாரிக் கதவு, கட்டில் தலைப்பலகை. எங்கே அதிர்வு அதிகமோ அங்கே ஒரு குறி போடுங்கள். தரைமட்டத்தில் கை எட்டும் தூரத்தில் அவுட்டோர் இருந்தால், ஃபேன் பக்கம் போகாமல், அதன் மேல்தகட்டையும் ஸ்டாண்டையும் ஒவ்வொன்றாக அழுத்துங்கள். அழுத்தியதும் சத்தம் மாறினால் இடம் கிடைத்துவிட்டது. மாடியில் ஜன்னலுக்கு வெளியே எட்டி இதைச் செய்யவே கூடாது. அதை மெக்கானிக் செய்யட்டும்.

நம் பக்கத்து வீடுகளில் இந்த அதிர்வுக்கு மூன்று காரணங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன.

மொட்டைமாடி ட்ரஸ் முதலாவது. மழைக்கும் வெயிலுக்கும் ஷீட் போட்டு, அதன் இரும்புக் குழாயிலேயே அவுட்டோரையும் மாட்டிவிடுகிறார்கள். ஷீட் முழுவதும் முரசுத் தோல் மாதிரி அதிர்ந்து கீழே படுக்கையறைக்கு இறக்கும். மெஷினில் எந்தக் குறையும் இருக்காது. ட்ரஸ்ஸிலிருந்து எடுத்து, மாடித் தளத்தில் கான்கிரீட் கட்டைமேல் தடித்த ரப்பர் வைத்து உட்கார வைப்பதுதான் வழி. படுக்கைக்கு நேர் மேலே வேண்டாம்.

இரண்டாவது, ஹாலோ பிளாக் சுவர். உள்ளே வெற்றிடம் இருப்பதால் சாதாரண ஆங்கர் போல்ட் பிடிமானம் இல்லாமல் நாளடைவில் தளரும். சுவரை ஊடுருவும் நீள போல்ட் போட்டு, உட்பக்கம் ஒரு தகடு வைத்து இறுக்க வேண்டும். இது சத்தத்துக்கு மட்டுமல்ல, கீழே நடமாடுகிறவர்களின் உயிருக்கும்.

மூன்றாவது, இறுகிப்போன ரப்பர். அவுட்டோரின் நான்கு கால்களுக்கும் அடியில் இருக்கும் ரப்பர் வெயிலில் காய்ந்து கல்லாகிவிடும். புதிய ரப்பரைக்கூட நட்டை முறுக்கி நசுக்கிவிட்டால் பயன் இல்லை, அதிர்வை வாங்க அது அமுங்கி எழ வேண்டும்.

கட்டிலை இரண்டடி நகர்த்திப் பாருங்கள். தாழ்ந்த ஒலி அறையின் மூலைகளிலும் சுவரோரங்களிலும் குவியும். தலைமாடு மூலையில் இருந்தால் அதை மாற்றியதிலேயே பாதித் தொல்லை தீர்ந்துவிடலாம்.

6. எழுதிய எண்களைப் படிக்கும் விதம்

டெசிபலைச் சாதாரணக் கணக்குபோலக் கூட்டிக் கழிக்கக் கூடாது. 40 டெசிபல் மெஷின் இரண்டு சேர்ந்தால் 80 ஆகாது, 43 ஆகும். ஏ.சி. போட்டபோது வந்த எண்ணுக்கும் அணைத்தபோது வந்த எண்ணுக்கும் வித்தியாசம் பத்து அல்லது அதற்கு மேல் என்றால், வந்த எண் ஏ.சி.யுடையதுதான். ஆறு என்றால் ஒன்றைக் கழியுங்கள். மூன்று என்றால் மூன்றைக் கழியுங்கள். மூன்றுக்கும் குறைவு என்றால் அந்த அளவையை விட்டுவிட்டு இன்னும் அமைதியான இரவில் எடுங்கள்.

எவ்வளவு இருந்தால் சரி? உலக சுகாதார நிறுவனம் 1999-இல் தந்த வழிகாட்டுதல், இரவில் படுக்கையறைக்குள் தொடர் சத்தம் 30 டெசிபலுக்குள் இருக்க வேண்டும் என்கிறது. கோடையில் 40 டிகிரியைத் தொடுகிற நம் ஊரில், ஏ.சி. ஓடுகிற அறையில் 30 என்பது கடினம். லோ ஃபேனில் 35-க்குள் வந்து, அதில் ஏற்ற இறக்கமும் இல்லாமல் இருந்தால் நான் திருப்தி அடைவேன். சீராக ஓடுகிற 36-ஐவிட, 30-லிருந்து 40-க்குத் திடீரென்று தாவுகிற மெஷின்தான் எழுப்பிவிடும். தூங்கும்போது ஃபேனை ஆட்டோவில் விடாமல் லோவில் நிறுத்தச் சொல்வது அதனால்தான்.

7. சத்தத்தின் ரகம் பார்த்து இடம் சொல்லலாம்

ஏ.சி. போட்டதும் அணைத்ததும் 'டிக், டிக்' என்று வருவது பிளாஸ்டிக் உடல் சுருங்கி விரிவதால். கம்ப்ரஸர் பிடிக்கும்போதும் நிற்கும்போதும் சில நொடி 'உஸ்ஸ்' என்பது குழாய்க்குள் கேஸ் ஓடுவது. இரண்டுக்கும் யாரையும் கூப்பிட வேண்டாம். 'உஸ்ஸ்' நிற்காமல் வந்து, குளிரும் குறைந்து, காயிலில் ஐஸும் படிந்தால் கேஸ் கசிவைச் சந்தேகிக்கலாம்.

'களுக் களுக்' என்று இன்டோரில் தண்ணீர் கொப்பளிப்பதுபோல வந்தால், பாத்ரூம் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடுகிறதா என்று பாருங்கள். அது அறைக் காற்றை வெளியே இழுக்கும்போது, ட்ரெயின் பைப் வழியாக வெளிக்காற்று உள்ளே ஏறும். எக்ஸாஸ்டை அணைத்ததும் நின்றால் மெஷினில் கோளாறு இல்லை.

இன்டோரில் 'கீச்' என்று தேய்வது ப்ளோயரின் ஓரத்திலுள்ள புஷ் காய்ந்துபோனதால். அவுட்டோரில் 'கடகட' என்பது தளர்ந்த ஸ்க்ரூ, ஒன்றையொன்று தொடும் காப்பர் பைப்புகள், அல்லது ஃபேனில் உரசும் அணில் கூட்டு நார். தோப்பை ஒட்டிய வீடுகளில் கடைசியாகச் சொன்னதை முதலில் பாருங்கள்.

கம்ப்ரஸர் 'ம்ம்ம்' என்று முக்கி, சில நொடியில் 'டக்' என்று விட்டு, மறுபடி முக்கினால் உடனே அணையுங்கள். கப்பாசிட்டர் போயிருக்கலாம், வோல்டேஜ் குறைவாக இருக்கலாம். கோடை இரவுகளில் எல்லா வீட்டிலும் ஏ.சி. ஓடும்போது வோல்டேஜ் இறங்குவது நமக்குத் தெரிந்ததே. ஸ்டெபிலைசர் அடிக்கடி 'டக் டக்' என்று மாறிக்கொண்டிருந்தால் அதன் மீட்டரைப் பாருங்கள், காரணம் அங்கே தெரியும். விடாமல் ஓட்டினால் கம்ப்ரஸரே எரியும்.

ஏ.சி. நின்றிருக்கும்போதும் அவுட்டோர் ஃபேன் சுற்றுகிறதா? கணவாய்க் காற்று நேராக அடிக்கிற மேற்கு அல்லது கிழக்குச் சுவர்களில் இது நடக்கும். பின்னோக்கிச் சுற்றுகிற ஃபேனை எதிர்த்து மோட்டார் கிளம்ப வேண்டியிருப்பதால் முரட்டுச் சத்தம் வரும். தெற்கு அல்லது வடக்குச் சுவர் இதைவிட நல்லது.

இரண்டு அவுட்டோர் பக்கத்தில் பக்கத்தில் இருந்து, சத்தம் அலைபோல ஏறி இறங்கினால், இரண்டு கம்ப்ரஸரும் துளி வேக வித்தியாசத்தில் ஓடுகின்றன. ஒன்றை அணைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

8. நீங்களே செய்யக்கூடியவை

மெயின் பிரேக்கரை இறக்கிய பிறகுதான் எதையும் தொட வேண்டும். ரிமோட்டில் அணைத்தால் போதாது.

ஃபில்டரைக் கழற்றிக் குழாய்த் தண்ணீரில் கழுவி நிழலில் உலர்த்துங்கள். கோடையில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை வேண்டும். ரோட்டோர வீடு என்றால் வாரம் ஒருமுறை. அடைத்த ஃபில்டர் வழியாகக் காற்று விசில் அடித்துக்கொண்டு போகும், குளிரும் குறையும், அதனால் கம்ப்ரஸர் வேகமாகவும் அதிக நேரமும் ஓடும்.

முன்பலகையின் கிளிப்புகள் சரியாக உட்கார்ந்திருக்கின்றனவா என்று அழுத்திப் பாருங்கள். பைப் போகும் ஓட்டையில் இடைவெளி இருந்தால் மெக்கானிக்குகள் வைத்திருக்கும் பட்டி என்ற களிமண் போன்ற அடைப்புப் பசையை வாங்கி அடையுங்கள். வெளிச்சத்தமும் பல்லியும் அந்த வழியாகத்தான் உள்ளே வரும். சிமென்ட் வைத்துப் பூசிவிடாதீர்கள், பைப்பின் அதிர்வைச் சுவருக்கு அது நேராகக் கடத்தும்.

வெறும் டைல்ஸ் தரையும் வெறும் சுவருமான அறையில் சத்தம் எதிரொலித்துச் சில டெசிபல் கூடும். தடித்த திரையும் ஒரு ஜமக்காளமும் காற்றுச் சத்தத்தைக் குறைக்கும். தாழ்ந்த முனகலுக்கு அவை பயன்படாது.

அவுட்டோரின் மூடியைத் திறக்காதீர்கள். கரண்ட் இல்லாதபோதும் கப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும்.

9. மெக்கானிக்கிடம் சொல்லும் விதம்

"சவுண்டு வருது" என்றால் அவரும் பொதுவாக ஏதாவது செய்வார். பாலக்காட்டிலிருந்து வரும் சேட்டனானாலும் பொள்ளாச்சித் தம்பியானாலும் இப்படிச் சொல்லுங்கள்: "ஃபேன் மோடுல இல்லீங்க, கூல் போட்டா மட்டும் வருது. ஜன்னலுக்கு மேல இருக்கிற சுவத்துல கை வெச்சா அதிருது. ராத்திரி பதினொரு மணிக்கு ரெக்கார்ட் பண்ணி வெச்சிருக்கேன், கேளுங்க." நல்ல மெக்கானிக் நேராக ஸ்டாண்டுக்குப் போவார்.

சத்தம் என்ற ஒரே காரணத்துக்காகக் கேஸ் ஏற்ற ஒப்புக்கொள்ளாதீர்கள். கேஸ் ஓடி ஓடித் தீர்கிற பொருள் இல்லை. குறைந்தால் எங்கோ கசிகிறது, முதலில் கசிவை அடைக்க வேண்டும். பிரஷர் கேஜ் மாட்டி அளவைக் காட்டச் சொல்லுங்கள். இப்போது பெரும்பாலான புதிய மெஷின்களில் இருக்கும் ஆர்-32 தீப்பற்றக்கூடியது. அதைப் பழகிய கைதான் தொட வேண்டும்.

வேலை முடிந்த அன்று ராத்திரி இரண்டாம் படியிலிருந்து மறுபடி அளங்கள். அதே போன், அதே இடம்.

10. பக்கத்து வீட்டுக்கும் காது உண்டு

மத்திய அரசின் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவு பத்து முதல் காலை ஆறு வரை 45 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. அவுட்டோரிலிருந்து ஒரு மீட்டரில் 50-ஐத் தாண்டுவது சாதாரணம். திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பானால் ஆறு டெசிபல் குறையும். ஆனால் இரண்டு சுவர்களுக்கு நடுவே மூன்றடிச் சந்தில் மாட்டினால் அந்தக் குறைவு கிடைக்காது, சத்தம் மோதி மோதி எதிர் ஜன்னலுக்கே போகும். பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டு, அவர் படுக்கையறை ஜன்னல் எந்தப் பக்கம் என்று தெரிந்துகொண்டு இடம் குறியுங்கள்.

ட்ரெயின் தண்ணீரையும் மறக்காதீர்கள். அடுத்த வீட்டுத் தகர ஷீட்டில் ராத்திரி முழுவதும் சொட்டினால் அது கம்ப்ரஸரைவிடக் கொடுமை. பைப்பை நீட்டித் தரையில், ஒரு செடி மூட்டில் விடுங்கள்.

சத்தம் குறையட்டும் என்று அவுட்டோரைச் சுற்றிப் பெட்டி கட்டுகிறவர்கள் உண்டு. சூடான காற்று வெளியேற வழியில்லாமல் திரும்ப உள்ளே போய், கம்ப்ரஸர் இன்னும் முக்கும். பின்பக்கம் ஒரு சாணாவது, முன்பக்கம் இரண்டடியாவது திறந்திருக்க வேண்டும்.

11. புது மெஷின் வாங்குவதானால்

அட்டையில் '19 டெசிபல்' என்று பெரிதாக இருந்தால், எந்த வேகத்தில் என்று கேளுங்கள். அது பெரும்பாலும் சைலன்ட் மோடில், சோதனைக்கூடத்தில் எடுத்தது. ஹையில் எவ்வளவு, அவுட்டோரில் எவ்வளவு என்ற இரண்டும் தெரிந்தால்தான் ஒப்பிட முடியும். சவுண்ட் பிரஷர், சவுண்ட் பவர் என்று இரண்டு விதமாகப் போடுவார்கள். ஒரே மெஷினுக்குச் சவுண்ட் பவர் எண் கணிசமாகக் கூடுதலாக இருக்கும். ஒரு கம்பெனியின் பிரஷரையும் இன்னொன்றின் பவரையும் வைத்து முடிவெடுக்காதீர்கள்.

விண்டோ ஏ.சி.யில் கம்ப்ரஸரும் அதே பெட்டியில் ஜன்னலிலேயே இருப்பதால் 50-க்கு மேல் போகும். தூக்கம் லேசான வீட்டுக்கு வேண்டாம். சத்தம் குறைவாக வேண்டுமானால் இன்வெர்ட்டரே நல்லது. பெரும்பாலான நேரம் மெதுவாக ஓடும், நின்று நின்று பிடிக்காது. டன் கணக்கும் இதில் வருகிறது. 120 சதுர அடி அறைக்கு ஒரு டன் போதும், நேர் மேலே வெயில் அடிக்கிற மாடி அறைக்கு ஒன்றரை வேண்டும். சிறியதை வாங்கினால் ராத்திரி முழுவதும் உச்ச வேகத்தில் கத்தும். இன்வெர்ட்டர் இல்லாத பெரியதை வாங்கினால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கம்ப்ரஸர் பிடிப்பதும் நிற்பதுமாக இருக்கும்.

மாட்டுகிற ஆட்கள் ஏணியை மடக்கும் முன் 18 டிகிரியில் பத்து நிமிடம் ஓட்டச் சொல்லி, சுவரில் கை வைத்துப் பாருங்கள். அதிர்ந்தால் ஸ்டாண்டையும் ரப்பரையும் அப்போதே சரிசெய்யச் சொல்லிவிட்டு, அதன் பிறகு கூலியைக் கொடுங்கள்.